படகில் ஜி.பி.எஸ். வரைபடக் கருவி: பொருத்தும் முறையும் பயன்படுத்தும் முறையும்

வயலுக்கு வரப்பு உண்டு, எல்லைக்கல் உண்டு. கடலில் இவை இரண்டும் இல்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் தூரமே உள்ளது. 1974, 1976 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது. இரவில் வலையோடு படகு எல்லை தாண்டினால் படகும் வலையும் பறிபோவதுடன் சிறைவாசமும் நேரிடலாம். ஆகவே, உழவுடன் கடல் தொழிலும் செய்யும் கரையோரக் குடும்பங்களுக்குப் படகு நிற்கும் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். வரைபடக் கருவி மிகவும் பயனுள்ளதாகும்.

இக்கருவி, சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞைகளைப் பெற்று, படகின் இடத்தைக் கணக்கிட்டுத் திரையிலுள்ள கடல் வரைபடத்தில் காட்டுகிறது. திறந்த வானத்தின் கீழ் பிழை பொதுவாகச் சில மீட்டர்களே இருக்கும்.

பொருத்தும் முறை

1. அலைவாங்கியை (ஆண்டெனா) வானம் மறைக்கப்படாத உயரமான இடத்தில் பொருத்த வேண்டும். இரும்புத் தகட்டுக் கூரையின் கீழ் வைத்தால் சமிக்ஞை கிடைக்காது. வி.எச்.எஃப். ஆண்டெனாவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளியிருப்பது நல்லது.

2. திரையைச் சுக்கான் பிடிப்பவர் நின்ற இடத்திலிருந்தே பார்க்கும்படி அமைக்க வேண்டும். திசைகாட்டிக்கு அருகில் வைக்கலாகாது. கருவியை முடுக்கியும் நிறுத்தியும் பார்த்து, திசைகாட்டியின் முள் அசைந்தால் இன்னும் தள்ளி வைக்க வேண்டும்.

3. மின் இணைப்பை 12 வோல்ட் பாட்டரியிலிருந்து தனிக் கம்பிகளில் நேரடியாக எடுக்க வேண்டும். என்ஜினை முடுக்கும்போது மின்னழுத்தம் தாழ்ந்து கருவி அணைந்து மீண்டும் எரிவதுண்டு. கருவிக்கெனத் தனி பாட்டரி இருந்தால் இத்தொல்லை இராது. நேர்மின் கம்பியில், பாட்டரிக்கு மிக அருகில், தயாரிப்பாளர் குறித்துள்ள அளவு ஃபியூஸ் அவசியம் போட வேண்டும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி உப்புக் காற்றில் எளிதில் அரிக்காது. இணைப்புகளை வெறுமனே முறுக்கி விடாமல் இறுக்கிப் பொருத்தி உறையிட வேண்டும்.

4. கருவி 1 ஆம்பியர் மின்னோட்டம் எடுத்தால் 12 மணி நேரத்தில் 12 ஆம்பியர்-மணி செலவாகும். பாட்டரியின் கொள்ளளவு இதைப் போல் இரண்டு மடங்காவது இருத்தல் வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியவை

கருவியில் டபிள்யூ.ஜி.எஸ்.-84 அளவைமுறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தூரத்தைக் கடல் மைலில் வைத்துக்கொள்ள வேண்டும். 1 கடல் மைல் 1,852 மீட்டர் ஆகும்.

எண்களை எழுதும் முறையில்தான் பெரும்பாலும் தவறு நேருகிறது. ஒருவர் 9 பாகை 17 கலை 50 விகலை என்று தந்த இடத்தை, கலையின் தசமமாக 17.50 என்று பதிவு செய்தால் இடம் மாறிவிடும். 50 விகலை என்பது 0.833 கலை, எனவே 17.833 என்று பதிய வேண்டும். இந்தச் சிறு தவறால் அட்சரேகையில் 600 மீட்டருக்கு மேல் பிழை உண்டாகும். எல்லையோரத்தில் இது சிறிய தூரமன்று.

புறப்படுமுன் இறங்குதளத்தையும் துறைமுக வாயிலையும் கருவியில் குறித்துக்கொள்ள வேண்டும். மீன்வளத் துறையிடம் பெற்ற எல்லைப் புள்ளிகளைப் பதிந்து, அவற்றுக்கு 2 கடல் மைல் முன்பே எச்சரிக்கை மணி ஒலிக்குமாறு அமைக்க வேண்டும். நீரோட்டம் மணிக்கு 1 கடல் மைல் வேகத்தில் இழுத்தால், வலை போட்டுப் படகினர் உறங்கும் இரண்டு மணி நேரத்திலேயே படகு அந்த 2 கடல் மைலையும் கடந்துவிடும். ஆகவே மணி ஒலித்த பின் காத்திராமல் உடனே வலையை இழுக்கத் தொடங்க வேண்டும். ஒருவராவது எப்போதும் விழித்திருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

- ஓரிடத்தைக் குறித்து வழி கேட்டால் சாதாரணக் கருவி நேர்கோடு மட்டுமே காட்டும். அக்கோடு தீவையும் பவளப் பாரையும் கடந்து செல்லலாம். பாக் விரிகுடாவிலிருந்து மன்னார் வளைகுடாவுக்கு அவ்வாறு நேர்கோட்டில் போக இயலாது. இடையிலுள்ள திருப்பங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகக் குறித்துச் செல்ல வேண்டும்.

- மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி 1986 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதையும் எச்சரிக்கைப் பகுதியாகக் குறித்துக்கொள்ளலாம்.

- படகு அசையாமல் நிற்கும்போது திரையில் காணும் திசைக்குறி நம்பத்தக்கதன்று. ஓடும்போது மட்டுமே அது சரியாக இருக்கும்.

- ஆள் கடலில் விழுந்தால் அதற்கான பொத்தானை உடனே அழுத்தினால் அந்த இடம் பதிவாகும். தேடித் திரும்ப இது உதவும்.

- கரைக்கு வந்ததும் நன்னீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய் கொண்டு துடைக்கலாகாது.

பாட்டரி தீர்ந்தால் கருவி வெறும் பெட்டியாகிவிடும். ஆகவே காந்தத் திசைகாட்டியும், துறைமுகத்தின் அட்ச-தீர்க்க எண்கள் எழுதிய தாளும், வி.எச்.எஃப். கருவியும் படகில் இருத்தல் வேண்டும். வி.எச்.எஃப். 16 ஆம் அலைவரிசை ஆபத்து அழைப்புக்கானது. கரையோரக் கைபேசிச் சமிக்ஞை உள்ள இடத்தில் கடலோரக் காவல் படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம். கோயில் கோபுரம், கலங்கரை விளக்கம், பனந்தோப்பு ஆகியவற்றை ஒன்றோடொன்று நேர்வைத்து இடம் காணும் பெரியவர்களின் அறிவையும் கைவிடலாகாது. கருவியும் அனுபவமும் சேர்ந்தால் போன படகு பத்திரமாகக் கரை சேரும்.