ஹம்பேர்க்கும் ஓர் எரிமலைத் தீவும்: தெரியுமா?

ஹம்பேர்க் ரோதன்பவும் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்குள்ள ‘மார்க்’ அருங்காட்சியகத்துக்குப் பசிபிக் கடலின் நெருப்பு மலைத் தீவொன்றிலிருந்தும் முகமூடிகள் வந்து சேர்ந்தன, தெரியுமா?

அதுதான் நியூ பிரிட்டன்! இலங்கையில் பாதியைவிடப் பெரியது. இன்று பப்புவா நியூகினியாவைச் சேர்ந்தது. 1884 முதல் 1914 வரை ஜேர்மனியின் பிடியில் இருந்தது! உலாவுன் என்னும் எரிமலை அங்கே 2,334 மீட்டர் உயரம். நம் பீதுருதாலகாலை மலையே அதற்குப் பக்கத்தில் நிற்கலாம், ஆனால் அது நெருப்புக் கக்காதே!

கொப்பறா வாங்கப் போன ஹேர்ன்ஸ்ஹைம் என்ற ஜேர்மன் வணிக நிறுவனம் எங்கே கடை விரித்தது தெரியுமா? மாதுபிட் என்ற குட்டித் தீவில். எதிரே தவுர்வுர் எரிமலை!

மாதுபிட் இருக்கும் குடாவிலேயே வல்கன் என்று இன்னோர் எரிமலை. 1878இல் கடலுக்குள்ளிருந்து எழும்பியது. 1937இல் வெடித்துச் சில நாள்களிலேயே 200 மீட்டருக்கு மேல் வளர்ந்தது! ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். 1994 செப்டம்பர் 19? தவுர்வுரும் வல்கனும் சேர்ந்தே வெடித்தன! குடாக்கரையிலுள்ள ரபவுல் நகரின் கூரைகள் சாம்பல் பாரத்தில் நொறுங்கின. ஆனால் நிலம் ஓயாமல் அதிர்ந்ததைக் கண்ட மக்கள் முந்திய இரவே கூட்டங்கூட்டமாக வெளியேறிவிட்டார்கள். இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். என்ன விவேகம்!

அந்தத் தீவின் அடைகாக்காத பறவையைத் தெரியுமா? எரிமலைச் சூட்டில் வெதுவெதுப்பான மண்ணைத் தோண்டி முட்டையைப் புதைத்துவிட்டு அது போய்விடும். குஞ்சு தானே கிளறிக்கொண்டு வெளியே வரும்!

அங்கு வாழும் தோலாய் மக்களின் பணம் கடற்சிப்பி! சின்னஞ்சிறு சிப்பிகளைப் பிரம்பில் கோர்த்துப் பெரிய வளையங்களாகச் சுருட்டிச் சேமிக்கிறார்கள். செத்த வீட்டில் அந்தச் சேமிப்பை வெட்டிப் பகிர்ந்து கொடுப்பார்கள். இன்றைக்கும் செல்லும்!

அங்குள்ள பைனிங் இன ஆண்கள் இரவில் பென்னம்பெரிய கண்கள் கொண்ட மரப்பட்டை முகமூடியோடு நெருப்புக்குள் வெறுங்காலுடன் பாய்ந்து ஆடுவார்கள். நம் தீமிதிப்பைப் பார்த்தவர்களுக்கும் மூச்சடைக்கும்!

இன்னொன்று! அந்தத் தீவின் மிஷன் பள்ளியில் வளர்ந்த பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு புது ஜேர்மனையே உருவாக்கினார்கள். ‘உன்சர்டொய்ச்’! ஜேர்மன் மொழியிலிருந்து பிறந்த கிரியோல் (கலப்பு) மொழி உலகில் இது ஒன்றுதான். இன்று பேசுவோர் நூறு பேரளவில். பெரும்பாலோர் அவுஸ்திரேலியாவில் வாழும் முதியவர்கள். இது அழிந்துபோகக் கூடாது!

1908இல் ஹம்பேர்க் அனுப்பிய தென்கடல் ஆய்வுக் குழு ‘பைஹோ’ கப்பலில் இரண்டு ஆண்டுகள் சுற்றியது. முதல் ஆண்டு முழுக்க நியூ பிரிட்டனும் அடங்கிய மெலனேசியா! எழுதியவை 20 தொகுதிகளுக்கு மேல்! ஆனால் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அருங்காட்சியகங்களுக்கு வந்த பொருள்கள் எல்லாமே நேர்மையாகக் கைமாறவில்லை. அதையும் மறக்கக் கூடாது.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ‘மார்க்’ அருங்காட்சியகத்துக்குப் போக ஹலர்ஸ்ட்ராச நிலையத்தில் இறங்குங்கள். எந்த மண்டபங்கள் திறந்திருக்கின்றன என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்!