ஜெனீவாவில் சொன்ன பதில்

நம் ஊர்த் தனிச் சுடுகாட்டைப் பற்றி வெளிநாட்டில் ஏன் பேச வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் ஒதுக்கப்பட்டதை 1946இல் ஐ.நா. சபைக்குக் கொண்டுபோனதே இந்தியாதான். 'உள்நாட்டு விவகாரம்' என்று அந்த நாடு சொன்ன பதிலை அன்று இந்தியா ஏற்கவில்லை.

1965இல் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கை உருவானபோது, அதன் முதல் பிரிவில் 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதும் இந்தியாதான். 1968இல் அதற்கு ஒப்புதலும் தந்தது.

உடன்படிக்கையை ஏற்ற நாடுகள் ஜெனீவாவிலுள்ள கண்காணிப்புக் குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். 1996இல் குழு சாதியைப் பற்றிக் கேட்டது. 'சாதி இனம் அல்ல' என்றது நம் அரசு. வம்சாவளிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று 2002இல் குழு தெளிவாக அறிவித்தது.

2006 டிசம்பரில் பிரதமர் மன்மோகன் சிங், தீண்டாமைக்கு ஒரே இணை தென்னாப்பிரிக்க நிறவெறிதான் என்று டெல்லியில் பேசினார். இரண்டே மாதத்தில் அவருடைய அரசின் பிரதிநிதிகள் ஜெனீவாவில் பழைய பதிலையே சொன்னார்கள்.

அந்தக் குழுவால் யாரையும் தண்டிக்க முடியாது; உலகின் முன் கேள்வி கேட்க முடியும். சாதி இனமா என்பதை அறிஞர்கள் வாதிடட்டும். பிறப்பைப் பார்த்துப் பிணத்தையும் பிரிக்கிறார்களே, அதற்குத்தான் நாம் பதில் கேட்கிறோம்.