எடை இல்லாத படமா?

மே மாதம். மலர்க் கண்காட்சிக்காகக் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போகிறீர்கள். ரோஜாச் செடி முன்னால் குழந்தையை நிறுத்தி, "சிரி கண்ணே!" என்று கைபேசியை நீட்டுகிறீர்கள். ஒரு படம் போதும். இருபது எடுத்து விடுகிறீர்கள். "காசா, பணமா? எடுத்துத் தள்ளு!" என்கிறார் உங்கள் வீட்டுக்காரர்.

நியாயந்தான். பிலிம் வாங்க வேண்டாம். கழுவக் கூலி கொடுக்க வேண்டாம். ஆனால் நிஜமாகவே செலவு இல்லையா?

பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஊட்டியின் மேற்கே, சரிவில் வீடுகளை அடுக்கி வைத்தாற்போல் காந்தல் இருக்கிறது அல்லவா? அந்தப் பக்கமாகக் கூடலூர்ச் சாலையில் போனால் இந்து நகர் வரும். மத்திய சர்க்கார் 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஸ்தாபனத்தின் ஆலை அங்கேதான் இருந்தது. பிலிமுக்குத் தூசி ஆகாது, வெப்பம் ஆகாது. சுத்தமான ஜலம் ஏராளமாக வேண்டும். நீலகிரி அதற்கு வாகான இடம். 1967-ல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. 'இந்து' பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் இங்கிருந்து போயின; அந்த ஆலையை நம்பி எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது.

அந்தப் பிலிமில் பூசியிருந்தது வெள்ளி உப்பு. படத்தைக் கழுவும்போது மிஞ்சிய வெள்ளியை 'ஹைப்போ' கரைத்துக்கொள்ளும். அதைச் சாக்கடையில் கொட்டினால் மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் கேடு. விவரம் தெரிந்தவர்கள் அதிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்துக் காசாக்கினார்கள்.

1975-ல் அமெரிக்காவில் கோடாக் கம்பெனியின் எஞ்சினியர் ஸ்டீவன் சாஸன் பிலிமே இல்லாத காமிராவைச் செய்தார். ஒரு படத்தைப் பதிவு செய்ய அதற்கு 23 விநாடி பிடித்தது! அந்தக் குழந்தை வளர்ந்து பிலிமையே விழுங்கிவிட்டது. 1990-களிலேயே நஷ்டத்தில் விழுந்த இந்து நகர் ஆலையால் பிறகு எழுந்திருக்க முடியவில்லை. 2014-ல் எஞ்சிய தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அளிக்க மத்திய அமைச்சரவை முடிவு செய்தது.

சரி, வெள்ளியும் ஹைப்போவும் போயின, தொல்லையும் போயிற்றா? இல்லை, அம்மா! இடம் மாறிவிட்டது. கைபேசிக்குள் தங்கம், செம்பு, கோபால்ட் எல்லாம் இருக்கின்றன. பூமியைத் தோண்டித்தானே எடுக்க வேண்டும்? நீங்கள் 'மேகத்தில்' சேமிக்கும் படம் வானத்தில் மிதக்கவில்லை. எங்கோ ஒரு கட்டடத்தில், இரவு பகலாக ஓடும் யந்திரங்களில் இருக்கிறது. அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். சூட்டைத் தணிக்கப் பல இடங்களில் தண்ணீரும் வேண்டும். படங்களோடு மற்ற எல்லா வேலைகளையும் சேர்த்து, 2024-ல் உலகத்தின் மின்சாரத்தில் சுமார் 1.5 சதவிகிதம் இத்தகைய நிலையங்களுக்குச் சென்றது. 2022-ல் உலகம் கழித்துப் போட்ட மின்னணுக் குப்பையோ 6 கோடியே 20 லட்சம் டன்! முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்தது அதில் கால் பங்குகூட இல்லை.

அதற்காகப் படமே எடுக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. காமிரா நன்றாக இருக்கிறது என்பதற்காக வருஷம் ஒரு கைபேசி மாற்றாதீர்கள். பெரிய பாரம் அதைத் தயாரிப்பதில்தான் இருக்கிறது. பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாமல், அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் சேருங்கள். ராத்திரி சமையலறையை ஒழித்த பிறகு, அந்த இருபதில் நல்லதாக இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்து விடுங்கள்.

பாட்டியின் கல்யாணப் படம் உங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதானே இருக்கிறது? அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள்! போன வருஷம் எடுத்த ஆயிரம் படங்களை?