பழைய ஸ்கேனர் வாங்குமுன்

சங்கத்து அன்பர்களின் இல்லங்கள் பலவற்றில், அலமாரி மேல்தட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதனுள் 120 பிலிமின் சதுர நெகட்டிவ்கள் உறங்கிக்கொண்டிருக்கும். கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் முற்றத்தில் எம் பாட்டனார் 1960-களில் அக்ஃபா கிளிக் காமிராவால் எடுத்தவையும் அவ்வாறே கிடந்தன. சென்ற மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்தபோது காடி நெடி வீசிற்று. அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கியதற்கு அதுவே அடையாளமாம். எம் பாட்டியாரின் இளமைத் தோற்றம் அந்நெகட்டிவ் ஒன்றில் அன்றி வேறெங்கும் இல்லை.

புதுக் கருவி வாங்கச் சம்பளம் இடங்கொடுக்கவில்லை. கொல்கத்தாவில் பழம்பொருள் விற்கும் ஒருவர், “இது நெகட்டிவும் எடுக்கும்” என்றார், வாங்கி வந்தோம். மூடியில் இருந்த விளக்கோ ஒரு கீற்றளவே; 35 மி.மீ. பிலிமுக்கே அது போதும். எம் படம் 56 மி.மீ. சதுரம். பாட்டியாரின் முகத்தில் பாதி விழுந்தது, பாதி இருண்டது. விற்றவர் பொய்யுரைக்கவில்லை, எந்த நெகட்டிவ் என்று நாம்தான் கேட்கவில்லை.

ஆதலின் முதலில் மூடியைத் திறந்து விளக்கின் அகலத்தைப் பாருங்கள். எப்சன் வி600, வி700, வி850, கானன் 9000எஃப் ஆகியவை 120 பிலிமை ஏற்பவை. அடுத்து, அந்தப் பிலிமுக்குரிய சட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கருவிகளில் பெரும்பாலும் தொலைந்து போவது அதுதான். சட்டமின்றிக் கண்ணாடிமேல் இட்டால் பிலிம் சுருண்டு ஒட்டி, படத்தில் வளையம் வளையமாகக் கோடுகள் விழும்.

நிக்கான் கூல்ஸ்கேன் 9000 மிக உயர்ந்தது. ஆயின் அதற்கு வேண்டிய பயர்வயர் இணைப்பு இன்றைய கணினிகளில் இல்லை. பெயரொற்றுமை கண்டு கூல்ஸ்கேன் 5000-ஐ வாங்கிவிடாதீர்கள். அது 35 மி.மீ. பிலிமுக்கு மட்டுமே.

பெட்டியில் 6400 புள்ளி என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. தட்டை ஸ்கேனர் உண்மையில் பிரித்துக் காட்டுவது அதனினும் மிகக் குறைவு. அங்குலத்திற்கு 1500 புள்ளி தெளிவாகக் கிடைத்தாலே, 11 அங்குலச் சதுரத்தில் நல்ல அச்சு எடுக்கலாம். தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதிக்கென அதிகம் கேட்டால் கொடுக்காதீர்கள். கறுப்பு வெள்ளைப் பிலிமில் உள்ள வெள்ளி அக்கதிரை மறைத்துவிடுமாதலால் அங்கே அது பயன்படாது. நல்ல தூரிகையே போதும்.

விற்பவரெதிரிலேயே, பிலிம் வைக்காமல் பிலிம் முறையில் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். நெடுங்கோடு விழுந்தால் உள்ளே தூசியோ பழுதோ உண்டு. கண்ணாடியின் அடிப்பக்கம் மங்கியுள்ளதா என்றும் நோக்குக. கூடுமானவரை கையிலேயே கொண்டு வாருங்கள். பார்சல் ஆபீசில் இருப்பவர்கள் சொல்லுகிறோம்! அனுப்பியே தீரவேண்டுமெனில், உள்ளோடும் பகுதிக்குப் பூட்டு உள்ள கருவிகளில் அதனைப் பூட்டிய பின்னரே அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாம் முறை சட்டத்தோடு ஒரு வி600 கிடைத்தது. பாட்டியார் முழுமையாகத் தெரிந்தார். மடியிலிருந்த குழந்தை எம் தந்தையார். அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, பின்னால் கொடியில் உலர்ந்த புடைவையின் நிறத்தைச் சொன்னார்.

கருவி இப்போது எம் குவார்ட்டர்ஸில் உள்ளது. ஞாயிறு மாலைகளில் அன்பர்கள் தத்தம் பெட்டிகளைக் கொண்டு வரலாம். காடி நெடி வீசும் பிலிம்களை மற்றவற்றோடு சேர்க்காது, தனி உறையிலிட்டுக் கொணர வேண்டுகிறோம்.