அண்டாவுக்கு ஒரு பூட்டு, சாவிக்கு ஒரு பூட்டு
சாவிப் பகிர்வு முறைக்குக் காப்புரிமை கேட்டால் என்ன நடக்கிறது?

முகூர்த்த நாள். ஒரு சமையல் கான்ட்ராக்டருக்கு ஊர் முழுக்க நூறு மண்டபங்களில் பந்தி. மண்டபத்துக்கு மண்டபம் தனி அடுப்பு மூட்டினால் கட்டுப்படியாகாது. அதனால் ஊருக்கு வெளியே ஒரே பெரிய சமையற்கட்டு. சாம்பார் அங்கே ஒரே பக்குவத்தில் இறங்கி, பூட்டுப் போட்ட அண்டாக்களில் டெம்போ ஏறுகிறது. வழியில் யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. பணம் கட்டிய மண்டபத்தில் மட்டும் திறக்க வேண்டும். எல்லா அண்டாவுக்கும் ஒரே பூட்டு என்பதால் ஒரே சாவி. அந்தச் சாவியை நூறு பேரிடம், அந்த நூறு பேரிடம் மட்டும், எப்படிச் சேர்ப்பது?

இணையத்தில் படம் காட்டும் நிறுவனங்கள் அனைத்துக்கும் இதே கேள்விதான். ஒரு படத்தின் கோப்பு சில ஜிகாபைட் கனம். வாடிக்கையாளருக்கு ஒன்றாகத் தனித்தனியே மறையாக்கம் செய்ய முடியாது. ஒருமுறை பூட்டி உலகெங்கும் உள்ள சர்வர்களில் வைத்துவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். சாவி இல்லாதவருக்கு அது வெறும் இரைச்சல். அந்தச் சாவியோ பெரும்பாலும் 128 பிட், அதாவது 16 பைட்தான். முழுப் படத்தின் காவலும் அந்த 16 பைட்டின்மேல் நிற்கிறது.

கான்ட்ராக்டர் ஒரு வழி செய்கிறார். ஒவ்வொரு மண்டபத்து மேற்பார்வையாளரிடமும் அவருக்கே உரிய ஒரு சாவியை முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கிறார். அண்டாவின் சாவியைச் சின்னச் சம்படம் ஒன்றில் போட்டு, அந்த மேற்பார்வையாளரின் சாவியால் மட்டும் திறக்கும் பூட்டைப் போட்டு, ஸ்கூட்டரில் அனுப்புகிறார். கனமான அண்டாவுக்கு ஒரே பூட்டு. ஆளுக்கு ஆள் மாறுவது இலேசான சம்படம் மட்டுமே.

இந்த ஏற்பாட்டின் வம்சாவளி நீளமானது. 1996-ல் டிவிடி சந்தைக்கு வந்தபோதே தட்டில் மூன்று அடுக்கு இருந்தது: படத்தைப் பூட்டும் சாவி, அதைப் பூட்டும் தட்டுச் சாவி, தட்டுச் சாவியைப் பூட்டும் பிளேயர் சாவி. 400-க்கும் மேற்பட்ட பிளேயர் சாவிகளால் தனித்தனியே பூட்டிய சம்படங்கள் ஒவ்வொரு தட்டிலும் வரிசையாகக் கிடந்தன. கட்டணத் தொலைக்காட்சியில் படத்தின் சாவி சில வினாடிக்கு ஒருமுறை மாறுகிறது. பந்திக்குப் பந்தி புதுப் பூட்டு போடுவது போல. இன்றைய ஸ்ட்ரீமிங்கில் வைட்வைன், பிளேரெடி, ஃபேர்பிளே என்று சம்படம் கம்பெனிக்கு ஒரு வகை. ஒரே அண்டாவை வெவ்வேறு வகைச் சம்படங்களோடு அனுப்ப வழி செய்வது ஐஎஸ்ஓ/ஐஇசி 23001-7 என்ற தரநிர்ணயம்.

ஒரு மேற்பார்வையாளர் தன் சாவியை நகலெடுத்து விற்றுவிட்டால்? மற்ற 99 பேரையும் அலைக்கழிக்காமல் அவரை மட்டும் விலக்க வேண்டும். 1999-ல் டிவிடி பூட்டு உடைந்தபோது இது ஏட்டுக் கவலையாக இருக்கவில்லை. அதற்கு முன்பே, 1993-ல், அமோஸ் ஃபியாட்டும் மோனி நாவோரும் இந்தக் கணக்கை ஆராய்ச்சித் தாளில் எழுதியிருந்தார்கள். 2001-ல் டாலிட் நாவோர், மோனி நாவோர், ஜெஃப் லாட்ஸ்பீச் மூவரும் மர வடிவில் ஒரு தீர்வு தந்தார்கள். மண்டபங்களைத் தெரு, வட்டம், மண்டலம் என்று கிளைகளாகப் பிரித்து, கிளைகளுக்கும் சாவி வைத்துவிட்டால் சம்படங்கள் வெகுவாகக் குறையும். விலக்க வேண்டியவர்கள் எத்தனை பேரோ, அதன் இரு மடங்கில் ஒன்று குறைவான சம்படங்கள் போதும். மொத்தம் எத்தனை கோடிப் பேர் என்பது பொருட்டே இல்லை. புளூ-ரே தட்டுகளின் காவல் முறை இந்த மரத்தைத்தான் கையாண்டது. எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகாகத் தோன்றும் யோசனை இது.

இத்தனையும் காப்புரிமை ஆய்வாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் இனி ஒருவர் காப்புரிமை அலுவலகத்துக்கு வந்து, ‘சாவியைப் பகிர நான் புதுவழி கண்டேன்’ என்கிறார்.

அவர் தருவதில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று விவரணை: சமையல் குறிப்பை விலாவாரியாக, வேறொரு தேர்ந்த சமையல்காரர் அதைப் பார்த்துச் செய்யக்கூடிய அளவுக்கு, எழுத வேண்டும். சூட்சுமத்தை ஒளித்துவைத்துக்கொண்டு உரிமை மட்டும் கேட்க முடியாது. மறையாக்கத்துக்கு இதனால் நஷ்டமில்லை. நல்ல பூட்டின் காவல் சாவியில் இருக்கிறது, பூட்டின் வரைபடத்தில் இல்லை. இரண்டாவது பகுதி கோரல்கள். உரிமை என்ற வேலியின் எல்லை இங்கேதான். விவரணையில் ஐம்பது பக்கம் அற்புதமாக எழுதியிருந்தாலும், ஆய்வாளர் எடை போடுவது கோரலின் ஒவ்வொரு சொல்லையும்தான்.

ஒரு கற்பனைக் கோரலை எடுத்துக்கொள்வோம். படம் ஒரு சாவியால் பூட்டப்படுகிறது. அந்தச் சாவி முதல் சாதனத்தின், அதாவது உங்கள் கைப்பேசியின், சாவியால் பூட்டப்பட்டு வருகிறது. கைப்பேசி அதைத் திறக்கிறது. வீட்டிலுள்ள டிவியுடன் கைப்பேசி இரண்டுக்கும் மட்டும் தெரிந்த ஒரு சாவியை உருவாக்கிக்கொள்கிறது. படத்தின் சாவியை அதனால் மறுபடி பூட்டி டிவிக்குக் கொடுக்கிறது. கடைசி நிபந்தனை: டிவி குறித்த நேரத்துக்குள் பதில் சொன்னால்தான் கொடுக்கும். மண்டப மேற்பார்வையாளர் பக்கத்துக் கட்டடத்துப் பந்திக்கும் சாவியைக் கொடுக்கிறார், ஆனால் கூப்பிட்டால் ‘ஏன்’ என்று உடனே குரல் கேட்கும் தூரத்தில் இருப்பவருக்கு மட்டும்.

ஆய்வாளர் முதலில் கோரலை வரிவரியாகப் பிரிக்கிறார். பிறகு தேடல். உலகக் காப்புரிமைகள் துறைவாரியாக இலக்கமிடப்பட்டவை: சாவி வினியோகம் எச்04எல் 9/08, படங்களை வேண்டியவருக்கு அனுப்பும் முறைகள் எச்04என் 21, உள்ளடக்க உரிமைக் காவல் ஜி06எஃப் 21/10. அந்த அலமாரிகளையும், ஆராய்ச்சித் தாள்களையும், தரநிர்ணய ஆவணங்களையும் புரட்டுகிறார். விண்ணப்பத் தேதிக்கு முன் உலகறியக் கிடந்த எல்லாமே சாட்சி. துறையில் அதை ‘பிரையர் ஆர்ட்’ என்பார்கள்.

இதில் தேதியே ராஜா. ஆர்எஸ்ஏ மறையாக்கத்தின் கதையைப் பாருங்கள். 1977 ஆகஸ்டில் மார்ட்டின் கார்ட்னர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழின் பத்தியில் அதை உலகத்துக்குச் சொன்னார். காப்புரிமை விண்ணப்பம் போனது அதே ஆண்டு டிசம்பரில். அமெரிக்கச் சட்டம் வெளியீட்டுக்குப் பின் ஓராண்டு அவகாசம் தருவதால் அங்கே 1983-ல் காப்புரிமை கிடைத்தது. ஐரோப்பாவில் அந்த அவகாசம் இல்லை, கதவு மூடிவிட்டது. இன்னொரு பக்கம், பிரிட்டனின் உளவு அமைப்பான ஜிசிஎச்க்யூவில் கிளிஃபர்ட் காக்ஸ் 1973-லேயே ஏறக்குறைய இதே முறையைக் கண்டுபிடித்திருந்தார். 1997 வரை அது ரகசியம். எனவே அந்தத் தாள் ஆர்எஸ்ஏ காப்புரிமையை அசைக்கவில்லை. பாட்டி பெட்டிக்குள் பூட்டி வைத்த சமையல் குறிப்பு எவ்வளவு பழையதானாலும் சாட்சியாகாது. ஊரார் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

கண்டெடுத்த ஆவணங்களை வைத்து ஆய்வாளர் இரண்டு கேள்வி கேட்கிறார். முதல் கேள்வி, புதிதா? கோரலின் எல்லா வரிகளும் ஒரே புத்தகத்தில், அதே கோர்வையில் இருந்தால் புதுமை போயிற்று. ஐந்து வரி இருந்து ஆறாவது இல்லையென்றால் சட்டப்படி அது புதிதுதான். இரண்டாவது கேள்விதான் கடினம்: இரண்டு மூன்று புத்தகங்களைக் கையில் வைத்திருக்கும் சராசரித் தேர்ச்சியுள்ள சமையல்காரர் தானாகவே இதைச் செய்திருப்பாரா? செய்திருப்பார் என்றால் அதில் கண்டுபிடிப்பு இல்லை.

நம் கோரலின் முதல் மூன்று வரிகள் டிவிடி காலத்திலிருந்தே இருப்பவை. நான்காவதும் ஐந்தாவதும்? வீட்டுச் சாதனங்களுக்கிடையே படத்தைப் பாதுகாப்பாகக் கடத்த ஹிட்டாச்சி, இன்டெல், மட்சுஷிட்டா, சோனி, தோஷிபா ஆகிய 5 நிறுவனங்கள் சேர்ந்து 1998-ல் கொண்டுவந்த டிடிசிபி என்ற முறையில் அவையும் உண்டு. ஆறாவது வரி புதிது என்று விண்ணப்பதாரர் நம்பியிருப்பார். ஆனால் டிடிசிபியின் இணைய வடிவத்தில், பதில் 7 மில்லிவினாடிக்குள் வராவிட்டால் சாவி கிடையாது என்ற விதி இருக்கிறது. கூப்பிடு தூரத்தை அங்கே முன்பே அளந்துவிட்டார்கள்.

ஆய்வாளருக்கும் இங்கே ஒரு சோதனை. பதார்த்தத்தை ருசி பார்த்துவிட்டால், ‘புளியும் வெல்லமும்தானே, இதிலென்ன’ என்று யாரும் சொல்லிவிடலாம். விடை தெரிந்தபின் எல்லாமே எளிது. அதனால் இந்த இரண்டு புத்தகங்களை அந்தக் காலத்துச் சமையல்காரர் ஏன் சேர்த்திருப்பார் என்று ஆய்வாளர் காரணம் எழுதியாக வேண்டும். அந்தக் காரணப் பத்தியில்தான் நல்ல ஆய்வாளரின் திறமை தெரிகிறது என்பேன்.

இவற்றோடு இன்னொரு வாசலும் உண்டு: இது காப்புரிமைக்கு உரிய பொருள்தானா? இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணித முறைகளையும் அல்காரிதங்களையும், வெறும் கணினி நிரல் என்ற அளவில் நிற்பவற்றையும் விலக்குகிறது. மறையாக்கம் என்றாலே கணிதம் என்பதால் கிண்டியிலுள்ள சென்னை அலுவலகமானாலும் டெல்லியானாலும் இந்த ஆட்சேபம் எழ வாய்ப்பு அதிகம். 2019-ல் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம், நிரல் சார்ந்தது என்பதாலேயே தள்ளிவிடக் கூடாது, தொழில்நுட்ப விளைவு உண்டா என்று பார்க்க வேண்டும் என்றது. சாவி வினியோகத்தில் வலையமைப்பின் சுமை குறைகிறது, சாதனம் வேகமாகத் திறக்கிறது என்று காட்ட முடிந்தவருக்கு அது கைப்பிடி. அமெரிக்காவில் 2014-ன் ‘ஆலிஸ்’ தீர்ப்புக்குப் பின் இதே வாசலுக்கு வேறு வடிவத்தில் காவல் நிற்கிறது.

ஆட்சேபங்கள் எல்லாம் சேர்ந்து இந்தியாவில் முதல் ஆய்வறிக்கையாகப் போகின்றன. அந்த ஆய்வும் தானாகத் தொடங்காது. தனியே வேண்டுகோள் கொடுக்க வேண்டும், 2024 விதிகளின்படி 31 மாதங்களுக்குள். அறிக்கை வந்தபின் பதிலுக்கு 6 மாதம். கேட்டால் இன்னும் 3 மாதம். பதில் பெரும்பாலும் வேலியை உள்ளே நகர்த்துவதுதான். நம் விண்ணப்பதாரரும் ஒரு வரி சேர்க்கிறார்: கைப்பேசி கொடுப்பது படத்தின் நிரந்தரச் சாவியை அல்ல, அடுத்த சாவி மாற்றம் வரை மட்டும் செல்லும் ஒரு கிளைச் சாவியை, அதனால் கைப்பேசியை விலக்கினால் அடுத்த மாற்றத்தில் டிவியும் தானே விலகிவிடும். மேற்பார்வையாளரை வேலையைவிட்டு நீக்கினால், அவர் கடன் கொடுத்த பக்கத்துப் பந்திச் சாவியும் அடுத்த பந்திக்குச் செல்லாது. டிடிசிபி ஆவணத்திலும் மரத் தாளிலும் இது இந்த வடிவில் இல்லையென்றால், ஆய்வாளர் மீண்டும் தேடப் போக வேண்டும்.

அவர் தனியாகத்தான் தேட வேண்டும் என்பதில்லை. விண்ணப்பம் சாதாரணமாக 18 மாதத்தில் பகிரங்கமாகிவிடுகிறது. இந்தியாவில் 25(1) பிரிவின்படி, காப்புரிமை வழங்கும் முன் எவரும் எதிர்ப்பு மனு தரலாம். அமெரிக்காவில் 2012 செப்டம்பர் முதல், மூன்றாம் நபர்கள் ஆய்வு நடக்கும்போதே ஆவணங்களை அனுப்ப வழி இருக்கிறது. முதல் முறை மூன்று ஆவணம் வரை கட்டணமில்லை. செட்-டாப் பாக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த பொறியாளரின் மேசையில் கிடக்கும் பழைய கையேடு, எந்த அலமாரி இலக்கத்திலும் இல்லாத சாட்சியாக இருக்கக்கூடும். ஆனால் ‘இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே’ என்று எழுதி அனுப்பினால் பயனில்லை. தேதி உறுதியான ஆவணம் வேண்டும்; கோரலின் எந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பொருத்திக் காட்ட வேண்டும். இதைச் செய்யக்கூடிய அறிவு நம்மூர்ப் பொறியாளர்களிடம் ஏராளமாக இருக்கிறது. அவர்கள் இதில் இறங்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஏனென்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது செலவு மிகுந்த வழி. 1995-ல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது: குறித்த எண்ணிக்கையிலான தரவுத் தொகுதிகள் போனதும் இருபுறமும் சாவி மாறும் முறை. டிகியூபி என்ற நிறுவனம் அதை வைத்து, பூட்டிய இணையப் பக்கங்கள் வைத்திருந்த பல வணிகத் தளங்கள்மேல் வழக்குப் போட்டது. பலர் பணம் கொடுத்துச் சமாதானமானார்கள். நியூஎக் என்ற கடை மட்டும் 2013-ல் டெக்சாஸ் மாநிலம் மார்ஷலில் எதிர்த்து நின்றது. பொதுச் சாவி மறையாக்கத்தை உலகுக்குத் தந்த இருவரில் ஒருவரான விட்ஃபீல்ட் டிஃபி அந்தக் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். அப்படியும் ஜூரி காப்புரிமை செல்லும் என்றது. 23 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. உரிமை மீறல் இல்லையென்று நீதிபதி அதைத் தள்ளியது 2015-ல்தான். அதற்குள் காப்புரிமையே காலாவதியாகியிருந்தது.

நம் கற்பனை விண்ணப்பத்தில், கிளைச் சாவி வரிக்கு யாரும் சாட்சி கொண்டுவரவில்லை என்று வைத்துக்கொள்வோம். காப்புரிமை கிடைக்கிறது; விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. இந்தியாவானால் காப்புரிமை வழங்கிய அறிவிப்பு வெளியான நாள் முதல் ஓராண்டுக்குள் அக்கறையுள்ளவர் 25(2) பிரிவில் மறுபடியும் எதிர்க்கலாம். வேலிக்குள் இருப்பது ஏழு வரியும் ஒன்றாகச் சேர்ந்த அந்த ஏற்பாடு மட்டுமே. அண்டாவுக்கு ஒரு பூட்டு, சம்படத்துக்கு ஒரு பூட்டு, கூப்பிடு தூரத்துச் சோதனை என்ற பழைய ஆறு வரிகளோடு நிறுத்திக்கொண்டு நாளைக்கே ஒருவர் படம் காட்டும் தொழில் தொடங்கினால், இந்தக் காப்புரிமையைச் சொல்லி அவரைத் தடுக்க முடியாது.