வளவும் விடுதியும்: செட்டிநாட்டு மாளிகைகளின் மறுவாழ்வு குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

ஓர் ஊரின் கட்டடக்கலை, உணவு, கைவினை ஆகியவற்றை முதலாகக் கொண்டு நடத்தப்பெறும் உயர்தரத் தங்கும் விடுதிகள் கடந்த முப்பது ஆண்டுகளில் ஆசிய நாடுகள் பலவற்றில் பெருகியுள்ளன. இவ்விடுதிகள் தங்க வருவோர்க்கு அறையோடு அவ்வூரின் பண்பாட்டையும் சேர்த்தே வழங்குவதாகக் கூறிக்கொள்கின்றன. தமிழகத்தில் இவ்வகைக்குத் தக்க எடுத்துக்காட்டாக விளங்குவன, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் செட்டிநாட்டு ஊர்களின் மாளிகை விடுதிகள் ஆகும்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நமக்கு இம்மாளிகைகள் அயலானவை அல்ல. அவற்றின் தேக்குத் தூண்களுக்கும் பளிங்குத் தளங்களுக்கும் கொடுக்கப்பட்ட விலையில் ஒரு பகுதி பினாங்கிலும் சிங்கப்பூரிலும் மலாயாவின் ஈய, இரப்பர் ஊர்களிலும் ஈட்டப்பட்டதாகும். எனவே, இவ்வீடுகள் விடுதிகளாகும்பொழுது எது காக்கப்படுகின்றது, எது விடுபட்டுப் போகின்றது என்னும் வினா நம் வரலாற்றையும் தொட்டு நிற்கின்றது. அவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீட்டின் அமைப்பும் அதன் பொருளும்

நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் ஊர்களைத் தொண்ணூற்றாறு எனக் கூறுவது மரபு. இன்று அவற்றுள் எழுபதுக்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. இவ்வூர்களின் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பையும் அதற்கு இணையான மறு தெருவில் பின்வாயிலையும் கொண்டு நீண்டு கிடக்கின்றன. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு எனக் கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைகின்றன. வாயில்கள் நேர்க்கோட்டில் அமைந்திருத்தலால் முன்வாயிலில் நிற்பவர் பின்வாயில் வரையிலும் காண இயலும்.

இவற்றுள் வளவு என்பதே வீட்டின் உயிர்ப்பகுதி எனலாம். வானம் பார்த்த முற்றமும், அதனைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரமும், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அமைந்த அறைகளும் சேர்ந்ததே வளவு. மழை குறைந்த அவ்வட்டாரத்தில் கூரையில் விழும் நீர் முற்றத்தில் சேர்ந்து, வீட்டுத் தேவைக்கும் ஊர் ஊருணிக்கும் பயன்படுமாறு வழி செய்யப்பட்டிருந்தது. வடகமும் வற்றலும் காய்ந்ததும் திருமணச் சடங்குகள் நிகழ்ந்ததும் அம்முற்றத்திலேயே ஆகும்.

வளவைச் சுற்றியுள்ள அறைகளைப் பற்றி ஒரு செய்தி சிறப்பாகக் கருதத்தக்கது. அவ்வறைகளையும் 'வீடு' என்றே வழங்குவர். ஒன்றனுள் ஒன்றாக அமைந்த ஈரறைத் தொகுதி 'இரட்டை வீடு' எனப்படும். மணமான ஆண்மகன் ஒவ்வொருவருக்கும் அத்தகைய அறை ஒதுக்கப்படும். திருமணமான இணையைச் சமூகம் ஒரு 'புள்ளி'யாகக் கணக்கிடும். கோயில் வரியும் புள்ளிக்கணக்கிலேயே விதிக்கப்படும். மணமான சில காலத்தில் புதுமணத் தம்பதியரைத் தனியே சமைத்துண்ணச் செய்யும் 'வேறுவைத்தல்' என்னும் வழக்கமும் உண்டு. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தபொழுதும் அடுப்பும் செலவும் தனித்தனியே. எனவே, வெளியிலிருந்து காண்பார்க்கு ஒரே மாளிகையாகத் தோன்றுவது, உள்ளிருப்போர்க்குப் பல வீடுகளின் தொகுதியாகும்.

இவ்வறைகள் படுத்துறங்குவதற்கென்று மட்டும் அமைந்தவை அல்ல. மணமகள் கொண்டுவந்த பித்தளை, வெள்ளி, எவர்சில்வர்ப் பாத்திரங்களும் பிற சீர்ப்பொருள்களும் அவற்றில் அடுக்கிப் பூட்டி வைக்கப்பட்டன. கோடையில் வீட்டார் பெரும்பாலும் தாழ்வாரத்திலும் பட்டாலையிலும் பாய் விரித்து உறங்கினர். இவ்வீடு ஓய்வாகத் தங்குவதற்காக எழுந்ததன்று. உறவினர் கூடுவதற்கும் சடங்கு செய்வதற்கும் பொருள் காப்பதற்கும் எழுந்ததாகும்.

கடல்கடந்த பொருள்

நகரத்தார் 1820களிலேயே சிங்கப்பூருக்கும் பினாங்கிற்கும் வந்து கொடுக்கல் வாங்கலில் ஈடுபட்டனர். பினாங்கு நீர்வீழ்ச்சிச் சாலையில் 1857இலும் சிங்கப்பூர்த் தேங்க் சாலையில் 1859இலும் அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில்கள் இன்றும் நம்மிடையே உள்ளன. பர்மாவில் அவர்கள் தொழில் இன்னும் விரிந்தது. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காட்டு நிலமே செட்டியார்களிடம் இருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியால் கடன் திரும்பாமற் போகவே, 1930களின் முடிவிற்குள் அது ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. அதனால் பர்மிய உழவர்களிடையே எழுந்த கசப்பும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும்.

தொழிலுக்குச் சென்றோர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் தனியராகவே சென்றனர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் படிநிலை அமைந்த அத்தொழிலில் அவர்கள் தங்கிய இடம் கிட்டங்கி எனப்பட்டது. நீண்ட கூடம் ஒன்றில் தொழிலகம் ஒவ்வொன்றிற்கும் ஒரு கைப்பெட்டியும் தாழ்ந்த மேசையும் பாயும் வைக்க இடம் உண்டு. பகலில் வட்டிக்கடையாக இருந்த அவ்விடமே இரவில் உறங்கும் இடமும் ஆயிற்று. வளவில் ஒரு வீட்டிற்குள் பல வீடுகள் இருந்ததுபோலக் கிட்டங்கியில் ஒரு கூடத்திற்குள் பல கடைகள் இருந்தன. இவ்விரண்டும் ஒரே வாழ்க்கை முறையின் இரு முனைகள் என்பது நம் கருத்து. கணவர் கடல்கடந்து பாயில் உறங்கிய ஆண்டுகளில், ஊரிலிருந்த பெருவீட்டை ஆண்டு நடத்தியோர் ஆச்சிமார் ஆவர்.

இவ்வாறு ஈட்டிய பொருள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில் மாளிகைகளாக உருப்பெற்றது. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, ஜப்பானியப் பூவோடுகள் முதலியன கடல்வழி வந்தன. சுண்ணாம்புச் சாந்தைப் பலமுறை பூசி, முட்டையின் வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர்கள் இன்றும் பளிங்குபோல் ஒளிர்கின்றன. உள்ளூரில் ஆத்தங்குடித் தளக்கற்கள் உருவாயின. கண்ணாடித் தகட்டின்மேல் உலோகச் சட்டத்தை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, பின்னர் நீரில் ஊறவைத்துச் செய்யப்படும் இக்கற்கள் சூளையில் சுடப்படுவதில்லை. நடக்க நடக்க மெருகேறுவது இவற்றின் இயல்பு.

பங்கும் பாழும்

இம்மாளிகைகளின் வீழ்ச்சிக்குப் பொருள்வரவு நின்றது முதற்காரணம். 1942இல் ஜப்பானியர் மலாயாவையும் பர்மாவையும் கைப்பற்றினர். போருக்குப்பின் பர்மாவில் நிலவுடைமை பறிபோயிற்று. 1963இல் அங்கு வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன.

இரண்டாவது காரணம் வீட்டின் உடைமை முறையிலேயே அமைந்திருந்தது. பாட்டன் கட்டிய வீடு பங்காளிகள் அனைவருக்கும் பொது. மூன்று, நான்கு தலைமுறை கடந்தபின் ஒரு வீட்டிற்குப் பங்குதாரர் பலராகிவிடுகின்றனர். ஓட்டை மாற்ற வேண்டுமெனினும் எல்லாரும் உடன்பட வேண்டும்; வீட்டை விற்க வேண்டுமெனினும் அவ்வாறே. திருமணத்திற்கும் முன்னோர்க்குச் செய்யும் படைப்பிற்கும் மட்டும் திறக்கப்பெறும் வீடுகள் ஆண்டின் எஞ்சிய நாள்களில் பூட்டிக் கிடக்கின்றன. உடன்பாடு ஏற்பட்ட இடங்களிற் பல வீடுகள் இடிக்கப்பட்டு, அவற்றின் தூண்களும் கதவுகளும் பாத்திரங்களும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. பங்கு முறை வீட்டைக் காத்ததும் உண்டு, அழியவிட்டதும் உண்டு.

விடுதியாக மாறிய வீடுகள்

இச்சூழலிலேயே மாளிகை விடுதிகள் தோன்றின. காரைக்குடியின் 'பங்களா' 1999இல் விடுதியாகத் திறக்கப்பட்டது. கானாடுகாத்தானின் 'விசாலம்', கடியாபட்டியின் 'சிதம்பர விலாஸ்', கோத்தமங்கலத்தின் 'சாரதா விலாஸ்' ஆகியவை அதன்பின் வந்தவை. 1910ஐ ஒட்டிக் கட்டப்பட்ட சாரதா விலாஸைப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இருவர் புதுப்பித்தனர்.

இவ்வீடுகளுள் இரண்டின் பிறப்பு வரலாறு நம் ஆய்விற்குப் பெரிதும் துணைபுரிகின்றது. 'பங்களா' பங்காளிகளுக்கான வளவு வீடாக எழுந்ததன்று. விருந்தினரை வரவேற்கும் மனையாக இருந்தது. 1930களின் புதுப்பாணியில் அமைந்த 'விசாலம்' தந்தை ஒருவர் தம் மூத்த மகளுக்காகக் கட்டியதாகும். ஆண்வழியே பங்கு பிரியும் வளவு மரபிற்கு இவ்விரண்டும் புறம்பானவை. முதலில் விடுதிகளாக வழிவிட்டவற்றுள் இத்தகைய வீடுகள் இடம்பெற்றிருத்தலைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலவில்லை.

நம் நாட்டிலிருந்தும் ஓர் ஒப்புமை காட்டலாம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் சீன வணிகர் சியோங் பாட் ட்ஸே கட்டிய நீல மாளிகையை, அவருடைய கடைசி மகன் இறக்கும் வரையில் விற்கலாகாது என அவர்தம் உயில் விதித்திருந்தது. அம்மகன் 1989இல் இறந்தபின்னரே மரபுடைமைக் காப்பில் ஈடுபாடு கொண்ட குழுவினர் அதனை வாங்கிப் புதுப்பித்தனர். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதைப் பெற்ற அம்மாளிகை இன்று விடுதியாக இயங்குகின்றது. அங்கும் குடும்பத்தின் பிடி நீங்கிய பின்னரே வீடு விடுதியாயிற்று. உறவின் பங்கு முடிவுறும் இடத்தில் மரபுடைமை விடுதி தொடங்குகின்றது என இதனைத் தொகுத்துக் கூறலாம்.

விருந்தினர் காண்பதும் காணாததும்

விடுதிகளால் விளைந்த நன்மைகளைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று. கூரை ஒழுகாமல் இருக்கின்றது. சுண்ணாம்புப் பூச்சு அறிந்த கொத்தர்க்கும் ஆத்தங்குடிக் கல் வார்ப்போர்க்கும் வேலை கிடைக்கின்றது. வாழையிலையில் முறைப்படி பரிமாறப்படும் உணவும், பர்மாத் தொடர்பால் செட்டிநாட்டிற்கு வந்த கவுனி அரிசி இனிப்பும் புதியோர்க்கு அறிமுகமாகின்றன. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோ உலக மரபுடைமைக்கான முன்வரைவுப் பட்டியலில் இடம்பெற்றன. காக்கத்தக்க நிலையில் வீடுகள் சில எஞ்சியிராவிடில் அதற்கு வழியே இருந்திராது.

எனினும், இவ்விடுதிகளில் விருந்தினர்க்குக் கூறப்படும் விளக்கம் பெரும்பாலும் பொருள்களைப் பற்றியதாகவே அமைகின்றது. தேக்கு எந்நாட்டினது, பளிங்கு எங்கிருந்து வந்தது என்பன கூறப்படுகின்றன. அவற்றை வாங்கிய பணம் எவ்வாறு ஈட்டப்பட்டது, எவருடைய நிலம் ஈடாக வைக்கப்பட்டது, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெட்டியடிப் பையன் தாயைப் பிரிந்து எங்குச் சென்றான் என்பன பேசப்படுவது அரிது. கப்பலில் வந்த தூண் காட்சிக்கு இருக்கின்றது. கப்பலில் சென்ற மனிதன் இல்லை.

அறையின் நிலையும் அவ்வாறானதே. வளவு வீட்டின் அறை விடுதி அறையாகும்பொழுது, சீர்ப்பொருள் காத்த 'வீடு' குளிரூட்டியும் குளியலறையும் இணைந்த படுக்கையறையாகின்றது. தாழ்ந்த நிலைவாயிலில் குனிந்து உள்ளே செல்லும் விருந்தினர், ஒரு பெண்ணின் உடைமை முழுவதும் பூட்டி வைக்கப்பட்டிருந்த இடத்தில் தாம் உறங்குவதை அறிவதில்லை. யாருடைய புள்ளிக்கு அவ்வறை உரியதாக இருந்தது என்பதும் அவர்க்குத் தெரிவதில்லை. ஆச்சிமார் ஆண்ட அடுக்களையின் சுவை உணவுப் பட்டியலில் இருக்கின்றது. அவர்கள் கணவரின்றி ஆண்டுக்கணக்கில் குடும்பம் நடத்திய திறம் அதில் இல்லை. விடுதி அமைதியை விற்கின்றது. வளவு வீடோ நிறைந்த ஆரவாரத்திற்காகக் கட்டப்பட்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் விடுதிகள் கூடாதென்பது நம் முடிவன்று. பூட்டிக் கிடந்து இடிவதினும் விடுதியாக வாழ்வது மேலே. ஆயினும், வீட்டின் உடலோடு அதன் பொருளையும் காக்கச் சில வழிகள் உண்டு. வீட்டை முற்றிலும் விற்காமல் நெடுங்கால வாடகைக்கு விடுதல், படைப்பிற்கும் திருமணத்திற்கும் உரிய நாள்களைப் பங்காளிகளுக்கென ஒப்பந்தத்திலேயே ஒதுக்குதல், சாமியறையை விருந்தினர் அறையாக்காது விடுதல் ஆகியன இயலக்கூடியவையே. பேரேடுகளும் கடிதங்களும் பழம்பொருள் கடைக்குப் போகாமல் அவ்வீட்டிலேயே காட்சிக்கு வைக்கப்படுமாயின், தேக்குத் தூணின் கதை முழுமையுறும்.

இப்பணியில் நமக்கும் பங்குண்டு. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகள் 1970களில் நகர மறுசீரமைப்பில் மறைந்தன. கிட்டங்கியில் வாழ்ந்தோரின் நினைவுகளும் அவர்தம் கணக்கேடுகளும் இந்நாட்டில் இன்னும் முறையாகத் தொகுக்கப்பெற வேண்டியுள்ளன. செட்டிநாட்டு மாளிகையின் முன்வாயில் அங்கிருப்பினும் அதன் பின்வாயில் நம் பினாங்குத் தெருவிலும் சிங்கப்பூர் ஆற்றங்கரையிலும் திறந்திருந்தது. அவ்வாயிலைப் பற்றிய சான்றுகளைத் தொகுத்து அளிப்பது மலேசிய, சிங்கப்பூர்த் தமிழாய்வாளர் கடமையாகும்.