இழந்த நிலத்தின் படம்

நிலப்படம் இருவகைப்படும்: அளந்து வரைவது ஒன்று, நினைந்து வரைவது மற்றொன்று. குமரிக்கண்டப் படம் இரண்டாம் வகையினது. மடகாஸ்கரின் இலெமூர் விலங்குக்கு இந்தியாவிலும் உறவினம் இருப்பதன் காரணம் தேடிய விலங்கியலறிஞர் ஸ்கிளேட்டர், 1864-இல் 'இலெமூரியா' என்றொரு கண்டத்தைக் கருதினார். தமிழறிஞர் சிலர் அதனைக் கடல்கொண்ட குமரிநாட்டோடு இணைத்தனர். கண்டங்களே நகர்ந்தன என்று நிலவியல் பின்னர்க் காட்டிற்று. எனினும் அப்படம் நம்மைக் கவர்கின்றது. ஏன்? இழந்த நிலத்தின்மீதுள்ள ஏக்கம் மெய், கரைக்கோடுகளே கற்பனை. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடன்.

கோல சிலாங்கூர் வட்டாரத்திலும் நிலம் மறைகின்றது, கடலால் அன்று. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. ரப்பர்க் காடுகள் செம்பனையாயின. லயங்கள் பல மறைந்தன. கோயிலும் கிணறும் பெரட்டுக்களமும் இருந்த இடங்களை முதியோரிடம் கேட்டு மாணவர் வரையட்டும். அளவு பிழைக்கலாம், ஆனால் அப்படத்திற்குச் சான்று கூற இன்னும் ஆள் உண்டு.